சூரிய விளக்கும் அதன்மேல் உள்ள பெயரும்
(வியாபாரப் பாடம்)

 

நம் சங்கத்தைச் சேர்ந்தவர்களில் பலரும் வியாபாரிகள். வியாபாரி அல்லாதவரும் ஒரு வியாபாரியின் வீட்டில் பிறந்தவராகவோ, நாள்தோறும் வியாபாரியிடம் சாமான் வாங்குகிறவராகவோ இருக்கின்றார். ஆகவே வியாபாரத்தைப் பற்றிய பாடம் ஒன்றை இவ்விதழில் எழுதுவது பொருத்தமே என்று கருதுகின்றோம். பாடம் என்றவுடன் நம்மைப் பெரிய படிப்பாளி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நாம் ஓதியது மதரஸாவில். படித்தது ஆரம்பப் பாடசாலையில். மீதியெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றவை.

எடுத்துக்கொண்ட விஷயம், சூரியசக்திச் சாமான்களின்மேல் போடப்படும் வியாபாரக் குறி. டிரேட் மார்க் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். கடையில் இப்போது சூரிய விளக்கு, சூரியப் பலகை, சூரிய சார்ஜர், சுடுநீர்க் கருவி என்று பல சரக்குகள் வந்து குவிகின்றன. அவற்றின்மேல் உள்ள பெயர் யாருடையது, அதற்கு என்ன காவல், அதை நாம் எப்படிப் பேண வேண்டும் என்பதே இன்றைய பாடம்.

குறி என்றால் என்ன?

நம் முன்னோர் இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்த காலத்தில் வாங்குவோரில் பலருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனால் சரக்கை அறிந்து வாங்கினார்கள். எப்படி? அதன்மேல் இருந்த படத்தைப் பார்த்து வாங்கினார்கள். மலாய்க்காரர் அதைச் ‘சாப்’ என்பார்கள். பழவேற்காட்டின் பெயரால் அவர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்று அழைக்கும் நம் கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்த பிறகே துணியை விரித்துப் பார்க்கும் பழக்கம் இன்றும் உண்டு.

மற்றோர் உதாரணம் சொல்வோம். 1928-ம் வருஷம் சிங்கப்பூரில் தோன்றிய ஒரு தைலத்துக்குக் கோடாலியைக் குறியாக வைத்தார்கள். மலாய்க்காரர் ‘சாப் காப்பாக்’ என்றார்கள்; நம் மக்கள் ‘கோடாலித் தைலம்’ என்றார்கள். தைலத்துக்கும் கோடாலிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சம்பந்தம் இல்லாததாலேயே அது பலமான குறியாயிற்று. கோடாலிப் படத்தைக் கண்டால் அந்த ஒரு தைலந்தான் நினைவுக்கு வரும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

ஆகவே, குறி என்பது இந்தச் சரக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் அடையாளம். அது அலங்காரம் அன்று, ஒரு வாக்கு. போன முறை வாங்கியது எப்படி இருந்ததோ அப்படியே இதுவும் இருக்கும் என்று வாங்குவோனுக்குச் செய்து கொடுக்கும் வாக்கு அது.

இக்குறிகளைச் சர்க்கார் புத்தகத்தில் பதியும் முறை இங்கிலாந்தில் 1875-ம் வருஷச் சட்டத்தால் வந்தது. 1876 ஜனவரி 1-ந் தேதி முதல் நம்பர் பதிவு ஒரு பீர்க் கம்பெனியின் சிவப்பு முக்கோணத்துக்குப் போயிற்று. அந்தச் சரக்கு நமக்கு ஆகாது; ஆயினும் அந்த ஏற்பாடு எல்லா நாட்டு வியாபாரிகளுக்கும் உதவியாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

எல்லாச் சரக்குக்கும் குறி வேண்டும் என்றாலும், சூரியசக்திச் சாமானுக்கு அது மும்மடங்கு வேண்டும் என்பது நம் கருத்து. காரணத்தைச் சொல்கின்றோம்.

அரிசியை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கலாம். மிளகைக் கடித்துப் பார்க்கலாம். கைலியை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்கலாம். சூரியப் பலகையை என்ன செய்வது? கண்ணாடிக்குக் கீழே கறுப்பாக ஏதோ இருக்கின்றது. நல்லதும் கறுப்பு, கெட்டதும் கறுப்பு. 1954 ஏப்ரல் 25-ந் தேதி அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை முதன்முதலில் உலகுக்குக் காட்டியபோது, அது தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கியது. இன்று வீட்டுக் கூரைக்கு வரும் நல்ல பலகைகள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் தருகின்றன. 20 தருவதையும் 12 தருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டாவது காரணம் காலம். கூரைமேல் வைக்கும் பலகைக்குச் செய்கின்றவர்கள் 25 வருஷம் வரை உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். இன்று பிறக்கும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் காலம் வரை அந்த வாக்கு நிற்க வேண்டும். பலகை பழுதானால் யாரிடம் போவது? பின்பக்கத் தகட்டில் உள்ள பெயரிடந்தான் போக வேண்டும். அந்தப் பெயர் பொய்யானால் 25 வருஷ வாக்குக்கு ஆள் இல்லை.

மூன்றாவது காரணம், இச்சாமான் வெறும் சௌகரியச் சாமான் அன்று. மின்கம்பி எட்டாத கம்பத்து வீட்டில் பிள்ளை படிப்பதும், இரவில் மீன் பிடிக்கப் போகிறவன் கரை திரும்புவதும் அதன் வெளிச்சத்தில்தான். அது அணைந்தால் நஷ்டம் காசோடு நிற்பதில்லை.

நம் கடையில் நடந்தது

பிறருக்குப் பாடம் சொல்வதற்கு முன் நம் குறையைச் சொல்வதே முறை. சில வருஷங்களுக்கு முன் மொத்த வியாபாரி ஒருவர் நம் கடைக்கு 4 டஜன் சூரிய விளக்குகளைக் கொண்டுவந்தார். பெட்டியின்மேல் பேர்போன ஒரு பெயர்; அதே நிறம், அதே சூரியன் படம். எழுத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தது. அசல் விளக்கு எங்களுக்கு 60 வெள்ளிக்கு விழும். இவர் கேட்டது 22 வெள்ளி.

அந்தக் கூடுதல் எழுத்தை நாம் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பார்த்தோம். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று மனதில் ஒரு கேள்வி எழுந்தது. அக்கேள்வியைக் கேட்காமல் விட்டோம்; லாபக் கணக்கு அதன் வாயை மூடிவிட்டது. 36 விளக்குகள் ஒரே மாதத்தில் விற்றன.

இரண்டு மாதம் கழித்து, கடற்கரைக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். படகில் வைத்திருந்தாராம். நடுக்கடலில் இரவு பத்து மணிக்கு அணைந்ததாம். சேதம் ஒன்றுமில்லை, அல்ஹம்து லில்லாஹ். ஆனால் விடியும்வரை இருட்டில் இருந்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை, பணத்தையும் கேட்கவில்லை. பெட்டியில் இருந்த பெயர் மீது அவருக்குக் கோபமும் இல்லை. “பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, தம்பி. உன் வாப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் வாங்குகிறேன். கடையைப் பார்த்துத்தான் வாங்கினேன்” என்றார்.

அவர் போன பிறகு விளக்கைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்த பாட்டரியின் உறையில் 9,900 என்று மில்லி-ஆம்பியர் கணக்குப் போட்டிருந்தது. மின்சாரச் சாமான் பழுது பார்க்கும் சகோதரர் ஒருவரிடம் காட்டினோம். 18650 என்று சொல்லும் அந்த அளவுள்ள லித்தியம் பாட்டரியில் நல்லவை ஏறத்தாழ 3,500 அளவுதான் தாங்கும் என்றும், 9,900 என்பது எழுத்தில் மட்டும் உள்ளது என்றும் விளக்கினார். பெயரும் பொய், எண்ணும் பொய்.

மீதி 12 விளக்குகளைக் கடையிலிருந்து எடுத்தோம். வாங்கியவர்களைத் தேடிப் போய் 31 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 5 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மதரஸாவில் ஓதிய பாடம் நினைவுக்கு வந்தது. உரியவர் கிடைக்காத பணம் நமக்கு ஆகாது. அவர்கள் பெயரால் அதைத் தர்மம் செய்தோம். மொத்த வியாபாரியிடம் பணத்தைக் கேட்டபோது, “22 வெள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?” என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஒரு பெயர் கெட்டால் ஒரு சந்தை கெடும்

நம் சிறு கடையில் நடந்தது ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் நடந்திருக்கின்றது. மின்கம்பி இல்லாத ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாகச் சூரிய விளக்கைக் கொண்டுவர வேண்டும் என்று உலக வங்கியும் அதன் கிளையான சர்வதேச நிதிக் கழகமும் 2007-ல் ‘லைட்டிங் ஆப்பிரிக்கா’ என்ற திட்டத்தைத் தொடங்கின. கென்யா போன்ற நாடுகளில் மலிவான எல்.இ.டி. டார்ச்சுகளும் விளக்குகளும் முன்பே வந்து இறங்கியிருந்தன. அவற்றில் பல சீக்கிரமே பழுதாயின. ஒரு முறை ஏமாந்தவன் அந்த ஒரு சாமானை மட்டும் வெறுப்பதில்லை; இந்தப் புது விளக்கு வகையே ஆகாது என்று முடிவு கட்டிவிட்டு மண்ணெண்ணெய்க்குத் திரும்புகிறான். கெட்ட சரக்கு நல்ல சரக்கின் வழியையும் அடைத்துவிடுகின்றது.

இதற்கு மருந்தாகச் சோதனைமுறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகின்றது, எவ்வளவு வெளிச்சம் தருகின்றது, பெட்டிமேல் எழுதியது உண்மையா என்று பரிசோதித்து, தேறியவற்றின் பெயர்களை வெளியிட்டார்கள். டி.லைட், சன் கிங் போன்ற பெயர்கள் மக்களிடையே நம்பிக்கை பெற்றன. அதன் பிறகு என்ன நடந்தது? அந்தப் பெயர்களையே பொய்யாகப் போட்டுக்கொண்டு போலி விளக்குகள் புறப்பட்டன! திருடன் வெறும் வீட்டுக்குப் போவதில்லை. செல்வம் இருக்கும் வீட்டுக்குத்தான் போவான். பெயருக்கு மதிப்பு வந்ததும் அதைத் திருட ஆள் வருவான் என்பதை நாம் அறிய வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கின்றது?

சில சகோதரர்கள் கேட்கக்கூடும்: “பெயர் என்பது காற்று. அதை எடுத்தால் திருட்டாகுமா? டிரேட் மார்க் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டந்தானே?”

மத்யன் நகரத்து மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆனில் ஓதுகின்றோம். அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்றதோடு அவர்கள் நிறுத்தவில்லை. மனிதர்களுக்கு உரிய பொருள்களை அவர்களுக்குக் குறைத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். ஒருவன் இருபது வருஷம் நாணயமாக உழைத்துச் சம்பாதித்த பெயர் அவனுக்கு உரிய பொருள் இல்லையா?

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கின்றது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். போலிப் பெயர் போட்ட விளக்கும் அந்தக் குவியலைப் போன்றதே. மேலே காய்ந்த தானியம், அடியில் ஈரம். நல்ல பெயரை மேலே ஒட்டி, கெட்ட பாட்டரியை அடியில் வைத்திருக்கிறார்கள்.

இக்காலத்து உலமாக்கள் இதை வெளிப்படையாகவே தீர்த்திருக்கிறார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றுக்குரியவர்களின் உரிமைகள் என்றும், இக்கால வழக்கில் அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு என்றும், ஷரீஅத் அவற்றை ஒப்புக்கொள்கின்றது என்றும், அவற்றின்மேல் கைவைப்பது ஆகாது என்றும் தீர்மானம் செய்தது. ஏமாற்றும் மறைப்பும் இல்லாவிட்டால் அவற்றை விலைக்கு மாற்றிக்கொடுப்பதும் கூடும் என்றது. ஆகவே இது வெள்ளைக்காரன் சட்டம் என்று சொல்லி நாம் தப்ப முடியாது.

சட்டம் என்ன சொல்கின்றது?

மலேசியாவில் 1976-ம் வருஷச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019-ம் வருஷ வியாபாரக் குறிச் சட்டம் 2019 டிசம்பர் 27 முதல் அமலில் இருக்கின்றது. பதிவு செய்யும் இடம் ‘மைஇபோ’ எனப்படும் மலேசிய அறிவுச்சொத்துக் கழகம். பிறர் பதிந்த குறியைப் போலியாகச் செய்தவனுக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 5 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். செய்தவனோடு தண்டனை நிற்பதில்லை. போலிக் குறி போட்ட சரக்கை விற்பவனும், விற்பதற்காகக் கடையில் வைத்திருப்பவனும் குற்றவாளியே. கம்பெனியாக இல்லாத தனி வியாபாரிக்கு ஒவ்வொரு சாமானுக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு; 3 வருஷம் வரை சிறையும் உண்டு.

நாம் விற்ற 36 விளக்குகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,60,000 வெள்ளி வரை போகும்! “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் போதாது. தக்க எச்சரிக்கையோடு நடந்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணமே இல்லை என்று வியாபாரிதான் நிரூபிக்க வேண்டும். 60 வெள்ளிச் சரக்கு 22 வெள்ளிக்கு வந்தது சந்தேகப்படக் காரணம் இல்லையா?

நம் பெயரை நாம் காப்பது எப்படி?

இதுவரை பிறர் பெயரைப் பற்றிச் சொன்னோம். இனி நம் பெயர். நம்மவர்களில் சிலர் சீனாவில் விளக்கும் சார்ஜரும் செய்வித்துத் தம் சொந்தப் பெயரைப் போட்டு விற்கிறார்கள். சிலர் கூரைமேல் பலகை பூட்டும் வேலையை எடுத்துச் செய்கிறார்கள். அவர்கள் அறிய வேண்டியவை பின்வருமாறு:

முதலாவது: கம்பெனிப் பதிவு வேறு, குறிப் பதிவு வேறு. எஸ்.எஸ்.எம். எனப்படும் கம்பெனி ஆணையத்தில் கடைப் பெயரைப் பதிந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அப்பதிவு தொழில் நடத்துவதற்கு. சரக்கின்மேல் உள்ள பெயருக்குக் காவல் அன்று.

இரண்டாவது: பெயரைத் தேர்ந்தெடுப்பது. சூரிய விளக்குக்குச் ‘சோலார் லைட்’ என்று பெயர் வைத்துப் பதிய முடியாது. அது சரக்கின் பெயர், எல்லோருக்கும் பொது. ‘பிரகாசம்’, ‘நீண்ட பாட்டரி’ என்று சரக்கின் குணத்தைச் சொல்லும் பெயர்களும் அப்படியே. சூரியன் படமும் இத்துறையில் எல்லோரும் போடுவதால் அதை மட்டும் நம்பினால் பலம் குறைவு. முன்பு சொன்ன கோடாலியை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கோடு சம்பந்தமில்லாத பெயரோ, நாமே ஆக்கிய புதுச் சொல்லோ பலமானது.

மூன்றாவது: வகுப்பு. உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1957-ல் பிரான்ஸ் நாட்டு நீஸ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை இது. 1 முதல் 34 வரை சரக்கு. 35 முதல் 45 வரை சேவை. சூரியசக்தித் தொழில் ஒரே வகுப்பில் அடங்காது. மின்சாரம் உண்டாக்கும் பலகை, பாட்டரி, சார்ஜர் ஆகியவை 9-ம் வகுப்பு. சூரிய விளக்கும், நீரைச் சுடவைக்கும் கருவியும் 11-ம் வகுப்பு. கூரைமேல் பூட்டிக்கொடுப்பதும் பழுது பார்ப்பதும் 37-ம் வகுப்பு. கடை வைத்து விற்கும் சேவை 35. மின்சாரம் உற்பத்தி செய்து கொடுக்கும் தொழில் 40. விளக்குக்கு மட்டும் பதிந்துவிட்டு, பலகையையும் அதே பெயரில் விற்றால், பலகைப் பக்கம் வேலி இல்லாத தோட்டமாகிவிடும். இப்போதைய சட்டத்தில் ஒரே மனுவில் பல வகுப்புகளைச் சேர்க்கலாம். ஆனால் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் உண்டு. வேண்டியதை மட்டும் எடுங்கள்.

நான்காவது: தேடிப் பார்ப்பது. அதே பெயரோ அதுபோன்ற பெயரோ முன்பே பதிவில் இருக்கின்றதா என்று கழகத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்த பிறகே பெட்டி அச்சிடக் கொடுக்க வேண்டும். பெட்டி அச்சிட்டபின் தேடுவது, நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போன்றதாகும்.

ஐந்தாவது: மனுவும் ஆட்சேபணையும். மனுவை அதிகாரிகள் பரிசீலித்து ஏற்றால் அதிகார இதழில் வெளியிடுவார்கள். 2 மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்காவிட்டால், அல்லது ஆட்சேபணை தள்ளப்பட்டால், பதிவாகும். பதிவு ஆவதற்கு முன் வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போடக்கூடாது. பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம். டி.எம். என்ற இரண்டெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆறாவது: புதுப்பிப்பது. பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பலகைக்கு 25 வருஷம் உத்தரவாதம் கொடுக்கிறவன், அந்த வாக்கு முடிவதற்குள் இரண்டு முறையாவது பெயரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். மேலும் பதிந்துவிட்டுச் சும்மா பெட்டியில் பூட்டி வைக்கவும் கூடாது. தொடர்ந்து 3 வருஷம் தக்க காரணமின்றிப் பயன்படுத்தாவிட்டால், பிறர் கேட்டு அதை நீக்கச் செய்யலாம்.

ஏழாவது: எல்லை. இங்கே பதிந்தது இங்கே மட்டுமே செல்லும். நம் மச்சான் ஒருவர் சீனத் தொழிற்சாலை ஒன்றில் தம் பெயர் போட்டு விளக்குச் செய்வித்தார். இங்கே பதிந்தார், அங்கே பதியவில்லை. பிற்பாடு வேறு தொழிற்சாலைக்கு மாறியபோது, முந்திய தொழிற்சாலைக்காரர் அப்பெயரைத் தம் பெயரில் அங்கே பதிந்திருந்தது தெரியவந்தது. சரக்கு அந்நாட்டுச் சுங்கத்தில் நின்றுவிட்டது. சீனாவில் முதலில் பதிந்தவனுக்கே பொதுவாக உரிமை. ஆகவே செய்யும் நாட்டிலும் விற்கும் நாட்டிலும் பதிய வேண்டும். இதற்கு மாட்ரிட் முறை என்று ஒரு வழி இருக்கின்றது. இங்குள்ள மனுவையோ பதிவையோ ஆதாரமாகக் கொண்டு, ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் காவல் கேட்கலாம். சிங்கப்பூர் 2000-லும், இந்தியா 2013-லும், இந்தோனேசியா 2018-லும், மலேசியா 2019 டிசம்பரிலும் இதில் சேர்ந்தன. சீனாவும் இதில் உண்டு.

சிங்கப்பூரில் உள்ள சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1998-ம் வருஷச் சட்டம். இடம் ‘ஐபோஸ்’ எனப்படும் அறிவுச்சொத்து அலுவலகம். பதிவுக் காலம் அங்கும் 10 வருஷந்தான். பயன்படுத்தாமல் விட்டால் நீக்கக் கேட்கும் காலம் அங்கே 5 வருஷம்.

இரண்டு வகைக் குறிகள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தில் செய்தவர் பெயர் ஒன்று இருக்கும்; ஜாக்கிம் கொடுத்த ஹலால் முத்திரையும் இருக்கும். முன்னது ‘இதைச் செய்தவன் நான்’ என்கிறது. பின்னது ‘இதை நாங்கள் பரிசோதித்தோம்’ என்கிறது. சூரியச் சாமானிலும் அப்படியே. கம்பெனிப் பெயர் ஒன்று. சோதனைச் சாலையின் சான்றுக் குறி வேறு. பலகைகளுக்கு ஐ.இ.சி. 61215, ஐ.இ.சி. 61730 என்ற இரண்டு சர்வதேச அளவுகோல்கள் உண்டு. முதலாவது, வெயிலையும் மழையையும் தாங்கி உழைக்குமா என்பதைப் பார்க்கின்றது. இரண்டாவது, மின்சாரத்தாலும் நெருப்பாலும் ஆபத்து வராதா என்பதைப் பார்க்கின்றது. ஏமாற்றுகிறவன் இந்த எண்களையும் அச்சிட்டுவிடுவான். ஆதலால் எண்ணை மட்டும் பார்க்காமல், சான்றிதழைக் கேட்டு, அதில் உள்ள கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் பலகைத் தகட்டில் உள்ளவையும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள்.

வாங்குவோருக்கு ஓர் எளிய கணக்கு

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 1,000 வாட் சக்தி விழுகின்றது. நல்ல பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 வாட்டைத் தரும். ஆகவே 100 வாட் பலகைக்கு அரைச் சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு, அதாவது 25 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உள்ள பலகையின்மேல் 100 வாட் என்று எழுதியிருந்தால், அது 10 வாட் கொடுத்தாலே பெரிது. அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

பெட்டியில் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாகப் படியுங்கள். விலை மிகவும் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மொத்த வியாபாரியிடம் பில் வாங்குங்கள். பில் கொடுக்க மறுப்பவனிடம் சரக்கு வாங்காதீர்கள். பேர்போன சரக்கானால், அந்தக் கம்பெனியின் ஏஜெண்டுதானா என்று விசாரியுங்கள். சந்தேகப்பட்ட சரக்கைத் தள்ளுபடி விலையில் விற்றுத் தீர்க்காதீர்கள். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை. நம் சொந்தப் பெயரைப் போடுகிறவர்கள் அதைக் காலத்தில் பதியுங்கள்; பதிந்தபின் அந்தப் பெயருக்குத் தகுந்த சரக்கையே கொடுங்கள். கெட்ட சரக்கின்மேல் போட்ட பெயரைச் சர்க்கார் பதிவு ஒருநாளும் நல்ல பெயராக்காது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெரியவர் சொன்னதை நாம் மறக்கவில்லை. பெட்டியில் உள்ள பெயரைப் படிக்கத் தெரியாதவர்கள் கடையைப் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டிமேல் உள்ள பெயர் அதைச் செய்தவனுக்கு அமானத். கடைப் பலகையில் உள்ள பெயர் நமக்கு அமானத். நம் வாப்பா நமக்கு விட்டுப்போன முதலில் பெரியது அதுதான். அவர் இப்போதும் நம்மிடந்தான் சாமான் வாங்குகிறார். சென்ற மாதம் புதிய விளக்கு ஒன்று கேட்டார். 60 வெள்ளிக்கு விழும் அசலையே எடுத்து, பெட்டிமேல் உள்ள எழுத்தை விரல்வைத்துப் படித்துக் காட்டிக் கொடுத்தோம். சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்க்கையும், அதில் பரக்கத்தையும், நாணயத்தோடு வியாபாரம் செய்யும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.